சவரக்கத்தியும் கண்ணாடி இரம்பமும்

ஒரு பொருளை வாங்க முற்படும் எவரும், தம்மை அறியாமலே, இரண்டு தராசுகளைக் கையில் ஏந்துகின்றனர். ஒன்று பயனை நிறுக்கிறது. மற்றொன்று அழகை நிறுக்கிறது. புடவை வாங்குபவரும், குத்துவிளக்கு வாங்குபவரும், வீட்டிற்குக் கதவு செய்யத் தச்சரை அழைப்பவரும் இவ்விரு தராசுகளையும் மாறிமாறித் தூக்கிப் பார்க்கின்றனர். இரண்டும் ஒரே பொருளைச் சுட்டும்போது தெரிவு எளிதாகிறது. ஒன்று ஒருபுறமும் மற்றொன்று மறுபுறமும் சாயும்போதுதான், எதற்கு முதலிடம் என்னும் கேள்வி எழுகிறது.

இக்கேள்வியை ஒரு சிறிய பொருளில் வைத்துப் பார்ப்பது நலம். முகச்சவரத்திற்கென்று செய்யப்படும் பழைய வகை மடக்குக் கத்தியை எடுத்துக்கொள்வோம். ஏனைய பொருள்களில் நாம் தவறாகத் தெரிந்தெடுத்தால் அது வெளிப்பட நாளாகும். அழகுக்காக வாங்கிய நாற்காலி முதுகை வருத்துகிறது என்பதை ஒப்புக்கொள்ளச் சிலருக்கு ஆண்டுகள் பிடிக்கும். சவரக்கத்தியின் தெரிவில் நேரும் பிழையையோ மறுநாட் காலையிலேயே கன்னம் சொல்லிவிடும். அதே வேளையில், மனிதர் தம் கருவிகளுள் மிகுதியாக ஒப்பனை செய்து பார்த்தவற்றுள் இதுவும் ஒன்று. பொன் பூச்சு, தந்தப் பிடி, ஆமையோட்டுப் பிடி, அலகில் பொறித்த சித்திரங்கள் என்று எத்தனையோ அலங்காரங்கள் இதன்மேல் ஏறியுள்ளன. பயனும் அழகும் இத்தனை நெருக்கமாக மோதிக்கொள்ளும் களம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

தொலைந்துபோன ஒரு நூல்

கேள்வி பழையது. புனித அகுஸ்தினார் தம் இருபத்தாறாம் அல்லது இருபத்தேழாம் வயதில், கார்த்தேஜ் நகரில் ஆசிரியராய் இருந்த காலத்தில், ஒரு நூல் எழுதினார். அழகானதையும் பொருத்தமானதையும் பற்றியது அந்நூல். அது இன்று நமக்குக் கிடைக்கவில்லை. தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்டு அவர் பின்னாளில் எழுதிய நூலிலேயே, அது தம்மிடமும் இல்லாமற் போயிற்று என்று குறிப்பிடுகிறார். ஆயினும் அதன் மையக் கருத்தை அங்கே அவர் நினைவுகூர்கிறார். தன்னில் தானே முழுமையாய் நின்று இன்பம் தருவது ஒரு வகை. மற்றொன்றோடு இசைந்து பொருந்துவதால் இன்பம் தருவது இன்னொரு வகை. உடலுறுப்பு முழு உடலோடு பொருந்துவதையும், செருப்பு காலோடு பொருந்துவதையும் இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்.

அவருக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்கர் இதனை விவாதித்திருந்தனர். செனபோன் தரும் சித்திரத்தில், எருக்கூடையும் தன் வேலைக்கு நன்கு அமைந்திருந்தால் அழகியது என்றும், பொற்கேடயமும் தன் வேலைக்குத் தகாததாயின் அழகற்றது என்றும் சாக்ரடீசு வாதிடுகிறார். பிளாட்டோவின் உரையாடல் ஒன்றில், கூழ்ப்பானைக்குப் பொன் அகப்பை பொருத்தமா, அத்திமர அகப்பை பொருத்தமா என்று கேட்கப்படுகிறது. அத்திமர அகப்பையே வெல்கிறது. அது கூழுக்கு மணம் சேர்க்கும், பானையையும் உடைக்காது.

இவ்விடத்தில் நின்றுவிட்டால் விடை எளிது. பயன்படுவதே அழகு என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அகுஸ்தினார் இரண்டையும் இரண்டு சொற்களால் பிரித்தே சொன்னார். அப்பிரிவு தேவையா என்பதைக் கத்தியே நமக்குக் காட்டட்டும்.

கத்தியின் இலக்கணம்

நல்ல சவரக்கத்தியின் அலகைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால், மேற்புறம் தடித்த முதுகும் கீழ்ப்புறம் மெலிந்த வாயும் தெரியும். இடைப்பகுதி இருபுறமும் குழிவாகச் சாணை பிடிக்கப்பட்டிருக்கும். முதுகு ஏன் தடித்திருக்க வேண்டும்? வலிமைக்காக மட்டுமன்று. கத்தியைத் தீட்டும்போது அதனைக் கல்லின்மேல் படுக்கையாக வைக்கின்றனர். முதுகும் வாயும் ஒருங்கே கல்லைத் தொடுகின்றன. ஆகவே கூரின் கோணத்தைத் தீட்டுபவரின் கை தீர்மானிப்பதில்லை. முதுகின் தடிப்பும் அலகின் அகலமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அலகு 16 மில்லிமீட்டர் அகலமும், முதுகு 4.5 மில்லிமீட்டர் தடிப்பும் உடையதாயின், கோணம் ஏறத்தாழ 16 பாகை. தீட்டத் தீட்ட வாய் தேய்கிறது. முதுகும் உடன் தேய்கிறது. அதனால் பல்லாண்டுகள் சென்ற பின்னும் கோணம் பெரிதும் மாறுவதில்லை.

இந்த ஏற்பாட்டை அறிந்துகொண்டு மீண்டும் கத்தியைப் பார்ப்பவருக்கு, முதுகிலிருந்து வாய்வரை இறங்கும் அந்த வளைவு முன்னைவிட அழகாய்த் தோன்றும். வளைவு மாறவில்லை, பார்ப்பவரின் அறிவு மாறியிருக்கிறது. காலுக்குப் பொருந்தும் செருப்பைப் போன்று, தன் பணியோடு இசைவதால் பிறக்கும் அழகு இது. ஆழக் குழிவாகச் சாணை பிடித்த மெல்லிய அலகு, முடியை வெட்டும்போது நுண்ணிய ஒலி எழுப்பும். ஆப்பு வடிவில் தடித்து நிற்கும் பழைய அலகு ஒலிக்காது. கனத்தாலும் உறுதியாலும் வேலை செய்யும். இரண்டுக்கும் தத்தம் பயன் உண்டு. தத்தம் அழகும் உண்டு.

அலகின் எஃகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நன்மை. 1740ஆம் ஆண்டளவில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளர் இங்கிலாந்தின் செஃபீல்டு நகருக்கு அருகே எஃகை மூசையில் முழுவதுமாக உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். செஃபீல்டுக் கத்திகளின் புகழுக்கு அது அடித்தளமாயிற்று. ஆனால் மூசையில் எஃகு செய்யும் கலை தென்னிந்தியாவில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே நிலவியது. நம் சேலம் வட்டாரமும் அதற்குப் பெயர்பெற்றது. ஐரோப்பியர் அதனை ‘ஊட்ஸ்’ என்றனர். இலண்டனில் கத்தி வணிகம் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவர், இந்தியாவிலிருந்து வந்த இந்த எஃகால் செய்த சவரக்கத்திகளை விற்றார். ஐரோப்பாவின் மிகச்சிறந்த எஃகையும்விட இதனையே தாம் விரும்புவதாகத் தம் வணிக அட்டையில் அச்சிட்டார். அவரோடு சேர்ந்து மைக்கேல் ஃபாரடே எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820இல் முடிவுகளை வெளியிட்டார். எஃகில் ஐந்நூற்றில் ஒரு பங்கு வெள்ளி சேர்ந்தாலே குறிப்பிடத்தக்க மாறுதல் நிகழ்வதை அவர்கள் கண்டனர். பின்னாளில் ‘வெள்ளி எஃகு’ என்னும் சொற்கள் கத்தி அலகுகளின்மேல் அலங்கார எழுத்தில் பொறிக்கப்பட்டன. ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஓர் உண்மை, கடைக்கு வந்ததும் ஒப்பனையாக மாறியது. அழகு என்பது கண்ணுக்கு மட்டும் உரியதன்று, பெயருக்கும் உரியது என்பதற்கு இது சான்று. அகுஸ்தினார் தம் அழகியல் நூலை, தாம் முகத்தாலும் அறியாத ஹியரியுஸ் என்னும் உரோமைப் பேச்சாளருக்குக் காணிக்கையாக்கியதையும், பிறர் புகழ்ந்ததாலேயே அவர்மீது தமக்கு அன்பு பிறந்ததையும் பின்னர் எண்ணிப் பார்க்கிறார். நாமும் பல வேளைகளில் பொருளை வாங்குவதில்லை. அதன்மேல் பொறித்த பெயரையே வாங்குகிறோம்.

கண்ணாடி இரம்பம்

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பின் முதற் பாகத்தில், மனித உடல் தகுந்தவாறு அமைந்துள்ளதா என்று ஆராயும்போது ஓர் எளிய உவமையைக் கையாளுகிறார். இரம்பம் செய்யும் தொழிலாளி அதனை இரும்பால் செய்கிறான். கண்ணாடி இரும்பைவிட அழகிய பொருளாயினும் அதனை அவன் நாடுவதில்லை. ஏனெனில் அவ்வழகே அறுக்கும் பணிக்குத் தடையாகிவிடும். தொழிலாளி தேடுவது தனித்து நோக்குங்கால் மிகச் சிறந்ததை அன்று. நோக்கத்திற்கு மிகச் சிறந்ததை. அத்தெரிவோடு ஏதேனும் குறை ஒட்டிவந்தால், அதனை அவன் பொருட்படுத்துவதில்லை.

இவ்வுவமையின் ஆழம் அதன் இறுதிப் பகுதியில் உள்ளது. இரும்பு துருப்பிடிக்கும். நல்ல கூரைத் தாங்கும் கரிம எஃகும் அவ்வாறே. சவரம் முடிந்ததும் அதனைத் துடைத்து உலர்த்தாவிடில் மறுநாள் புள்ளிகள் தோன்றும். அக்குறையைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறோம். கூரை விரும்புபவர் துருவின் அச்சத்தையும் சேர்த்தே விரும்ப வேண்டும். குறையற்ற பொருளைத் தேடி அலைபவர் பெரும்பாலும் கண்ணாடி இரம்பத்தோடு வீடு திரும்புகின்றனர்.

இந்த உவமையைக் கையிற் கொண்டு கத்தியின் அலங்காரங்களைப் பார்த்தால், அவை மூவகைப்படுவது விளங்கும். முதலாவது, பயனிலிருந்தே பிறக்கும் அழகு. முதுகின் வளைவும், மூடும்போது பிடியின் நடுவே எப்புறமும் உரசாமல் இறங்கும் அலகும், தளராமலும் இறுகாமலும் நிற்கும் தறையாணியும் இதில் அடங்கும். இவ்வழகை விட்டுவிட்டுப் பயனை மட்டும் எடுத்துக்கொள்ள எவராலும் இயலாது.

இரண்டாவது, பயனுக்கு உதவாமலும் ஊறு செய்யாமலும் உடன் நிற்கும் அழகு. மாட்டுக்கொம்புப் பிடியில் ஒளி ஊடுருவும்போது தோன்றும் கோலமும், அலகின் அடிப்பகுதியில் பொறித்த ஒரு சிறு மலரும் இத்தகையவை. இதனைப் பழிக்கக் காரணம் இல்லை. மனிதர் தம் பானையின் கழுத்தில் ஒரு கோடு இழுத்த நாளிலிருந்தே இவ்வழகு நம்மோடு இருக்கிறது. தேவைக்கு மேல் ஒரு கோடு இழுக்கும் அந்தக் கை, அடிமையின் கை அன்று என்பதையும் அது சொல்லாமல் சொல்கிறது.

மூன்றாவது, பயனோடு போரிடும் அழகு. முதுகில் பூசிய பொன்னை நினையுங்கள். கல்லின்மேல் வைத்துத் தீட்டினால் அது தேய்ந்துவிடும். பொன்னைக் காக்க விரும்புபவர் முதுகில் நாடா ஒட்டித் தீட்டுகிறார். அப்போது முதுகு தடித்துக் கூரின் கோணம் மாறிவிடுகிறது. அல்லது தீட்டாமலே விட்டுவிடுகிறார். இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு செல்லுலாய்டுப் பிடி. 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயட் உருவாக்கிய இப்பொருள், தந்தத்தைப் போலவும் ஆமையோட்டைப் போலவும் தோன்றும் வண்ணம் வார்க்கப்பட்டது, விலையோ மலிவு. ஆனால் காலப்போக்கில் அது சிதைகிறது. சிதையும்போது வெளியாகும் வாயு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, பிடிக்குள் மடங்கிக் கிடக்கும் அலகை அரித்துவிடுகிறது. வெளியே பளபளப்பு குன்றாமல் இருக்கும் பிடியைத் திறந்தால் உள்ளே வாய் முழுவதும் துருவேறியிருக்கும். தாங்க வேண்டிய பிடியே அலகைத் தின்றுவிடுகிறது. தாம் அல்லாத ஒன்றாகத் தோன்ற முயலும் அழகு எதில் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமோ?

செருமானிய மெய்யியலார் இம்மானுவேல் கான்ட் 1790இல் வெளியிட்ட நூலில் இதனையொத்த ஓர் எச்சரிக்கை உண்டு. ஒரு கட்டடத்தில் கண்ணுக்கு இனிய பலவற்றைச் சேர்க்கலாம். ஆனால் அது கோயிலாக இருக்க வேண்டிய கட்டடம் ஆயின், அவற்றைச் சேர்க்க இயலாது என்கிறார். பொருள் எதற்காக இருக்கிறது என்பதை அறியும்வரைதான் அழகு கட்டற்றது. அறிந்த பின்னர் அழகுக்கும் ஓர் எல்லை பிறக்கிறது.

பயன் மட்டும் போதுமா?

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, ‘அப்படியாயின் பயன் ஒன்றே அளவுகோல்; அழகு வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்’ என்று ஒருவர் முடிவு செய்யலாம். அவருக்கு ஒரு கேள்வி உண்டு. கிங் கேம்ப் ஜில்லெட் 1901இல் நிறுவனம் தொடங்கி, 1904இல் காப்புரிமை பெற்ற மாற்று பிளேடுச் சவரக்கருவி, விரைவிலும் பாதுகாப்பிலும் மடக்குக் கத்தியை வென்றுவிட்டது. முதல் உலகப் போரில் அது இலட்சக்கணக்கான அமெரிக்கப் படைவீரரின் கைக்குச் சென்றது. பயன் ஒன்றே அளவுகோல் எனின், இன்று மடக்குக் கத்தியை ஒருவர் நாடவே கூடாது. ஆயினும் செருமனியின் சோலிங்கனிலும் பிரான்சின் தியேர் நகரிலும் அவை இன்றும் செய்யப்படுகின்றன. அவற்றை வாங்குவோரும் இருக்கின்றனர். அவர்கள் அனைவரும் வீண் ஆடம்பரக்காரர் அல்லர்.

அவர்கள் தேடுவது என்ன? எறியாமல் வைத்துக்கொள்ளத்தக்க ஒரு பொருளை அவர்கள் தேடுகின்றனர். கவனத்தைக் கேட்கும் ஒரு செயலை அவர்கள் தேடுகின்றனர். மடக்குக் கத்தியைக் கையில் எடுத்தவர் வேறெதையும் எண்ண இயலாது. தோல்வாரில் அதனை முன்னும் பின்னும் இழுக்கும்போதும், கன்னத்தில் வைக்கும்போதும், மனம் கையோடு இருந்தாக வேண்டும். இவற்றைப் பயன் என்பதா, அழகு என்பதா? இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஏதோ ஒன்று இது.

இங்கே அழகுக்குரிய உண்மையான பணி ஒன்று வெளிப்படுகிறது. இக்கத்தி நாள்தோறும் பேணப்பட வேண்டியது. ஒவ்வொரு முறையும் அதனைத் துடைக்க வேண்டும். எண்ணெய் தடவ வேண்டும். காலம் தவறாமல் தீட்ட வேண்டும். நாம் விரும்பிப் பார்க்கும் பொருளைத்தான் நாம் பேணுகிறோம். அழகற்ற கத்தி முதல் நாளில் அழகிய கத்தியைப் போலவே வெட்டலாம். ஆனால் ஆயிரமாவது நாளில் அது ஈரம் துடைக்கப்படாமல் ஒரு மூலையில் கிடக்கும் வாய்ப்பே மிகுதி. ஆகவே அழகு, காலத்தின் நெடுகிலும் பயனைக் காக்கும் காவலாகிறது. ஒரு பொருளின் பயன் அதைச் செய்தவரால் முடிந்துவிடுவதில்லை. அதைப் பேணுபவரால் தொடர்கிறது.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. அழகு மிகுந்தால் பொருள் பெட்டிக்குள் போய்விடும் அன்றோ? உண்மைதான். பயன்படுத்தினால் தேய்ந்துவிடுமோ என்று அஞ்சி, பட்டுத்துணியில் சுற்றி வைக்கப்படும் கத்திகள் பல. எனவே அழகை அளக்க நாம் ஒரு கேள்வி கேட்கலாம்: இவ்வழகு கையைத் தன்னிடம் அழைக்கிறதா, கையைத் தடுக்கிறதா? அழைக்கும் அழகு பயனுக்குத் துணை. தடுக்கும் அழகு அதற்குப் பகை.

ஆடம் ஸ்மித் 1759இல் வெளியிட்ட ஒழுக்க உணர்வுகள் பற்றிய நூலில், மனித மனத்தின் இன்னொரு விந்தையைக் காட்டுகிறார். நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்திற்குமேல் பிந்தும் கடிகாரத்தைக் கடிகாரப் பித்தர் ஒருவர் அற்ப விலைக்கு விற்றுவிட்டு, இரண்டு வாரத்திற்கு ஒரு நிமிடத்திற்குமேல் பிந்தாத ஒன்றைப் பெரும் பொருள் கொடுத்து வாங்குகிறார். ஆனால் அவர் மற்றவரைவிடக் காலம் தவறாதவர் என்று சொல்வதற்கில்லை. கடிகாரம் எதற்காக இருக்கிறதோ அது அவருக்குப் பொருட்டன்று. அதன் துல்லியமே பொருட்டு. ஆக, அழகில் மயங்குவோர் மட்டுமே வழிதவறுகின்றனர் என்று எண்ண வேண்டா. பயனிலும் மயங்கலாம். கத்தியின் கூரைப் பூதக்கண்ணாடியில் பார்த்து மகிழ்ந்து, முகத்தை மறந்துவிடுபவரும் உண்டு. அவருக்குப் பயனே ஓர் ஒப்பனையாகிவிட்டது.

யாருடைய முகம்?

அப்படியாயின் கத்தி எதற்காக இருக்கிறது? மயிரை வெட்டுவதற்கு என்பது பாதி விடை. முகத்திற்காக என்பதே முழு விடை. ஒருவர் தம் தொண்டையை உயர்த்தி, மற்றொருவர் கையிலுள்ள கூரிய எஃகின்முன் கண்மூடி அமர்கிறார். நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நாவிதர்கள் பெற்றிருந்த நம்பிக்கை அது. அச்சமூகத்திற்கு நாம் அதற்கு ஈடாகக் கொடுத்த மதிப்பு மிகக் குறைவு என்பதையும் இங்கே சொல்லாமல் விடுவது முறையன்று. கத்தியின் கூரைப் புகழ்ந்தவர்கள், அதனைப் பிடித்த கையைத் திண்ணைக்குக் கீழேயே நிறுத்தினார்கள்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அதன்பின் ஒரே கத்தியைப் பலருக்குப் பயன்படுத்துவதன் ஆபத்து பேசப்படலாயிற்று. ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு என்னும் வழக்கம் முடிதிருத்தகங்களில் பரவியது. பிளேடை இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைப் பிடியில் செருகிச் சவரம் செய்வதையே இன்று நாம் காண்கிறோம். பழைய கத்திகள் பல, தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தவை; கூரில் குறைவற்றவை; கையின் பழக்கத்தால் மெருகேறியவை. அவ்வளவும் இருந்தும் அவை ஒதுங்க நேர்ந்தது. கூர்மை என்னும் பயனுக்கு மேலே, வந்து அமர்ந்தவரின் உயிர் என்னும் பயன் நின்றது. கருவி நன்றாய் வேலை செய்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது; யாருக்கு நன்றாய் என்றும் கேட்க வேண்டும். இன்று மடக்குக் கத்தி, ஒருவர் தமக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளும் கருவியாகவே நியாயம் பெறுகிறது.

அழகுக்கு விலை கொடுத்தவர்கள்

இன்னும் ஒரு முகம் இருக்கிறது. அது கத்தியைச் செய்தவரின் முகம். குழிவாகச் சாணை பிடித்த அலகின் மெல்லிய வளைவை அழகு என்றோம், பயனும் என்றோம். இரண்டு தராசுகளும் ஒருங்கே சாய்ந்த இடம் அது. ஆனால் அவ்வளவு மெலிதாகும்வரை எஃகைக் கல்லில் தேய்த்தபோது எழுந்த தூசி எங்கே சென்றது?

செஃபீல்டு மருத்துவர் நைட் அந்நகரத்துச் சாணைத் தொழிலாளரின் நுரையீரல் நோயைப் பற்றி எழுதியவற்றை, ஃபிரெடரிக் ஏங்கெல்சு 1845இல் வெளியிட்ட நூலில் எடுத்துத் தருகிறார். நீரின்றி உலர்கல்லில் முள்கரண்டிகளைச் சாணை பிடித்தவர்கள் 28க்கும் 32க்கும் இடைப்பட்ட வயதில் மாண்டனர். நீரோடும் நீரின்றியும் சவரக்கத்திகளைச் சாணை பிடித்தவர்கள் 40க்கும் 45க்கும் இடையில் மாண்டனர். தூசியை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடு கண்டுபிடிக்கப்பட்டபோதும் தொழிலாளருள் பலர் அதனை எதிர்த்தனர் என்னும் செய்தி நெஞ்சை உறைய வைக்கிறது. ஆயுள் நீண்டால் தொழிலுக்கு ஆள் பெருகும். ஆள் பெருகினால் கூலி குறையும் என்று அவர்கள் அஞ்சினர். உயிரைக் கொடுத்துக் கூலியைக் காக்கும் நிலை அது.

தியேர் நகரில், தூரோல் ஆற்றின் கரையில், சாணைத் தொழிலாளர் சக்கரத்தின் மேலே பலகையில் குப்புறப் படுத்து வேலை செய்தனர். குளிரில் உடல் விறைக்காமலிருக்கத் தம் நாய்களைக் கால்களின்மேல் படுக்க வைத்துக்கொண்டனர். தந்தப் பிடிகளுக்காகச் சாய்க்கப்பட்ட யானைகளின் கதையும் உண்டு. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்யும் முடிவு 1989இல்தான் எடுக்கப்பட்டது. இது பழங்கதை என்று ஆறுதல் கொள்ள வேண்டா. நம் நாட்டிலேயே, குஜராத்தின் கம்பாத் நகரில், அணிகலன்களுக்கான அகேட் கற்களை மெருகிடுவோர் அதே கல்தூசியால் அதே நோய்க்கு ஆளாகிவந்துள்ளனர்.

பயனா, அழகா என்று வாங்குபவர் தமக்குள் வழக்காடிக்கொண்டிருக்கையில், அவ்வழக்கில் மூன்றாவதாய் ஒருவர் நிற்கிறார். அவரை எவரும் சாட்சிக்கு அழைப்பதில்லை. வாங்குபவரின் கன்னத்துக்கும் கண்ணுக்கும் ஒரு பொருள் முற்றும் பொருந்தலாம். செய்தவரின் மூச்சுக்கு அது பொருந்தாதாயின், அதனைப் பொருத்தமானது என்று எப்படிச் சொல்வது? அகுஸ்தினாரின் செருப்பு அணிபவரின் காலுக்குப் பொருந்தினால் மட்டும் போதாது. தைப்பவரின் கையையும் அது புண்ணாக்காதிருத்தல் வேண்டும்.

தெரிவின் வரிசை

ஆகவே பயனையும் அழகையும் பாதிக்குப் பாதி என்று பங்கிட்டுக் கொடுப்பது சமநிலை ஆகாது. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய இடத்தையும் வரிசையையும் தருவதே சமநிலை.

கத்தியைத் தெரிந்தெடுப்பவர் முதலில் அதன் வாயைப் பார்க்கட்டும். விரிசலோ, கூரருகே துருக்குழியோ இருந்தால் பொன் பூச்சு எவ்வளவு மின்னினும் கீழே வைத்துவிடட்டும். அடுத்து அதனைச் சமதளமான கண்ணாடியின்மேல் படுக்க வைத்து, முதுகும் வாயும் முறுக்கின்றிப் படிகின்றனவா என்று பார்க்கட்டும். கண்ணாடி இரம்பம் செய்ய உதவாது. எஃகு நேராக இருக்கிறதா என்று சோதிக்க உதவும். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குரிய பணி உண்டு. பின்னர் மூடித் திறந்து, அலகு பிடியின் நடுவே இறங்குகிறதா என்று பார்க்கட்டும். இவை எல்லாம் சரியாயின், இனி அழகுக்கு இடம் உண்டு. அவ்விடத்தில் கஞ்சத்தனம் வேண்டா. இரண்டு கத்திகள் சமமாய் வெட்டுமாயின், தம் கண்ணுக்கு இனியதையே எடுத்துக்கொள்ளட்டும். அதனைத்தான் அவர் நாளும் துடைத்து வைப்பார். இவ்விரண்டுக்கும் முன்னதாக, பிடி எதனால் ஆனது, யார் எந்நிலையில் செய்தது என்னும் கேள்வியையும் கேட்கட்டும். விடை கிடைக்காமல் போகலாம். கேட்பதை விட்டுவிட்டால் விடை ஒருநாளும் கிடைக்காது.

இவ்வரிசை கத்தியோடு நிற்பதில்லை என்பதை வாசகர் இதற்குள் உணர்ந்திருப்பர். பள்ளிக்குக் கட்டடம் எழுப்பும்போதும், திருமணப் பேச்சின்போதும், ஊர்த் தலைமைக்கு ஒருவரைத் தேடும்போதும் நாம் முதலில் பிடியைப் பார்த்து, வாயைக் கடைசியில்தான் பார்க்கிறோம். பலமுறை பார்ப்பதே இல்லை.

பல்லாண்டுகள் புழங்கிய ஒரு சவரக்கத்தியை எண்ணிப் பாருங்கள். முதுகின் பொன் என்றோ கல்லில் கரைந்துவிட்டது. அலகு தேய்ந்து அகலம் குறைந்திருக்கிறது. அதில் பொறித்த பெயரைப் படிக்க இயலவில்லை. ஆயினும் முதுகும் வாயும் ஒருங்கே தேய்ந்தமையால், முதல் நாளில் இருந்த கோணம் இன்றும் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. கடையில் கிடந்த புதிய கத்திக்கு அந்த அழகு இல்லை. உழைத்த கத்திக்கே அது உண்டு.